கப்பல் நிற்கும் ஒன்பது மணி நேரமும் ஒரு வாடகைக் காரும்

எங்கள் நெருல் பக்கம் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்போது கப்பல் ஜுரம். முன்பெல்லாம் லீவு விட்டால் ஊர். ஊர் இல்லையென்றால் ஷீர்டி. அதுவும் இல்லையென்றால் மஹாபலேஷ்வர். இப்போது யாரைக் கேட்டாலும் "க்ரூஸ் புக் பண்ணியாச்சு" என்கிறார்கள். ஜனவரியில் நாங்களும் போய் வந்துவிட்டோம். தங்கமணி, எட்டாவது படிக்கும் மகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அம்மா, அப்புறம் பெட்டி தூக்க நான். மும்பையில் ஏறி, ஒரு முழு நாள் கடலிலேயே போய், அதற்கடுத்த நாள் காலையில் கொச்சி.

வந்ததிலிருந்து எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். "கொச்சியில கப்பல் காலைல இருந்து சாயந்திரம் வரைக்கும் நிக்குமாமே, அங்க என்ன சார் பண்றது?"

என் பதிலும் ஒன்றுதான். கப்பல்காரர்கள் விற்கும் பஸ் டூரை வாங்காதீர்கள். ஒரு வாடகைக் கார் பேசிக்கொண்டு கரையோரமாக மீன்பிடி ஊர்களுக்குப் போங்கள். காசு மிச்சம் என்பதற்காகச் சொல்லவில்லை (மிச்சம்தான், அது வேறு விஷயம்). நாம் இரண்டு நாளாகச் சொகுசாக மிதந்து வந்த கடலில் பிழைப்பு நடத்துகிறவர்கள் யார், நம் கப்பலுக்கும் அவர்களுக்கும் என்ன கணக்கு என்று தெரியாமலே திரும்பி வருவது சரியில்லை என்று நினைக்கிறேன். தமிழ்க் குடும்பங்கள் அப்படி வருவது இன்னும் சரியில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த பஸ் டூர். வாஸ்கோ ட காமாவை 1524-ல் முதலில் புதைத்த பிரான்சிஸ் தேவாலயம், மட்டாஞ்சேரி அரண்மனை, யூதத் தெரு, சீன வலை, கடைசியில் ஒரு மசாலாக் கடை. பார்க்கக்கூடாத இடங்கள் என்று சொல்ல வரவில்லை. எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் நாற்பது பேரை இறக்கி, எண்ணி, ஏற்றி, மறுபடி எண்ணி முடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். வலைக்கு இருபது நிமிஷம், கடைக்கு முக்கால் மணி நேரம். டூர் பஸ் எந்த ஊரில் கிளம்பினாலும் கடைசியில் ஒரு கடை வாசலில்தான் போய் நிற்கும் என்பது உலக நியதி :-)

மீன்பிடி என்று பஸ் காட்டுவது அந்தச் சீன வலையை மட்டும்தான். மரக்கட்டையும் கயிறும் கட்டித் தொங்கவிட்ட கல்லுமாக, நாலைந்து பேர் சேர்ந்து இழுத்தால் மேலே வரும் பெரிய வலை. சீனக் கடலோடிகள் கொண்டுவந்தது என்பார்கள், இல்லை மக்காவ் வழியாகப் போர்த்துகீசியர் கொண்டுவந்தது என்றும் சொல்வார்கள். அழகுதான். ஆனால் அதில் இப்போது விழுவது கொஞ்சம் மீனும் நிறைய ஆகாயத்தாமரையும். வலை இழுப்பவர்களுக்கு மீனை விட நம்மைப் போல வந்து ஒரு கை பிடித்து இழுத்து போட்டோ எடுத்துக்கொள்கிறவர்கள் கொடுக்கும் காசு முக்கியமாகிவிட்டது. அவர்களைக் குறை சொல்லவில்லை. அதை மட்டும் பார்த்துவிட்டு "கொச்சி மீனவர்களைப் பார்த்தாச்சு" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்கிறேன்.

இன்னொரு விஷயம். கப்பலை விட்டு இறங்கினால் நாம் காலை வைப்பது வில்லிங்டன் தீவில். அது கடவுள் படைத்த தீவு இல்லை. பெரிய கப்பல்கள் உள்ளே வரமுடியாதபடி காயல் முகத்துவாரத்தில் ஒரு மணல் திட்டு கிடந்தது. அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்த வில்லிங்டன் பிரபு 1920-ல் ராபர்ட் பிரிஸ்டோ என்ற இன்ஜினியரை அனுப்பினார். அவர் அந்தத் திட்டை வெட்டி ஆழக் கால்வாய் போட்டார். 1928-ல் 'பத்மா' என்ற நீராவிக் கப்பல் உள்ளே வந்தது. காயலைத் தோண்டி எடுத்த மண்ணைக் கொட்டி உண்டாக்கியதுதான் இந்தத் தீவு. அந்தக் கால்வாயை இன்றைக்கும் தூர்வாரிக்கொண்டேதான் இருக்கிறார்கள். இல்லையென்றால் நம் கப்பல் வராது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

கார் விஷயத்துக்கு வருவோம். எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர் என்று முன்கூட்டியே போனில் பேசி வைத்திருந்தேன். மூவாயிரத்துக்குள் முடிந்தது. நாலு பேருக்கு பஸ் டூர் என்றால் இதைப்போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும். டிரைவர் ஐம்பது வயதுக்காரர், வைப்பின் தீவில் வீடு. "எவிடேக்கா சாரே, ஃபோர்ட் கொச்சியா?" என்றார். "இல்ல சேட்டா, முதல்ல தோப்பும்படி ஹார்பர்" என்றேன். ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

தோப்பும்படி மீன்பிடித் துறைமுகம் வில்லிங்டன் தீவிலிருந்து பாலம் தாண்டினால் வந்துவிடும். பத்து நிமிஷம்தான். நம் கப்பல் நிற்கிற இடத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருக்கிற இடத்தை எந்த டூர் நோட்டீஸிலும் நான் பார்க்கவில்லை. காலை எட்டரைக்கு லேலம் (ஏலத்துக்கு மலையாளத்தில் அதுதான்) பாதி முடிந்திருந்தது. ஐஸ் பெட்டிகள், தரையெல்லாம் தண்ணீர், ஆள் உயரத்துக்குச் சூரையும் கேரையும். அம்மா சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக மீன் குவியலுக்குப் போய்விட்டார்கள். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள்.

அங்கே எங்களுக்கு முதலில் காதில் விழுந்தது மலையாளம் இல்லை, தமிழ். அதுவும் நம்ம குமரி மாவட்டக் கடற்கரைத் தமிழ். ஒரு பெரிய விசைப்படகில் நாலைந்து பேர் வலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்கள். அம்மா விடுவார்களா? "எந்த ஊருப்பா?" என்று கேட்டாயிற்று.

"தூத்தூர் பக்கம் அம்மா. நீங்க எங்கேந்து வாறீங்க?"

தங்கமணிக்குத் தூத்துக்குடி என்று காதில் விழுந்திருக்கிறது. "இல்ல அக்கா, தூத்தூர். கொல்லங்கோட்டுக்குப் பக்கம்" என்று சிரித்தார் ஒருவர். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், கேரள எல்லையை ஒட்டி தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, இரயுமன்துறை, பூத்துறை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று வரிசையாக ஊர்கள். ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறாவும் சூரையும் பிடிப்பதில் இந்தியாவிலேயே பேர் போனவர்கள். இவ்வளவு படகுகளையும் நிறுத்தச் சொந்த ஊரில் வசதி போதாததால் கொச்சி, முனம்பம், பேப்பூர், மங்களூர், கோவா என்று மேற்குக் கரை முழுக்கத் துறைமுகம் துறைமுகமாகப் போய்த் தொழில் செய்கிறார்கள். ஒரு தடவை கடலுக்குப் போனால் முப்பது நாள், நாற்பது நாள். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு போக மிச்சத்தில்தான் பங்கு. மீன் படவில்லையென்றால் பங்கும் இல்லை.

"வீட்டுக்கு எப்பப் போவீங்க?" என்று தங்கமணி கேட்டதற்கு அவர் சொன்னது: "கிறிஸ்துமஸுக்குப் போனோம். இனி ஈஸ்டர்."

நாம் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் டிக்கெட் கிடைக்குமா என்று நூற்றிருபது நாள் முன்பு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தோமே, அதே கதைதான். பிழைக்க ஊரை விட்டு வந்தவர்கள் என்றால் நமக்கு உடனே ஞாபகம் வருவது பெங்களூர் சாஃப்ட்வேர், மும்பை பேங்க், டெல்லி செக்ரடேரியட். தமிழ்ச் சங்கத்து விழா மலரில் போட்டோ வருவதும் நம்முடையதுதான். நமக்கு முன்னாலேயே இதே கரையில் ஊர் விட்டு ஊர் போய்ச் சம்பாதித்து, அதே கஷ்டத்தை மூன்று மடங்காக அனுபவிக்கிற தமிழர்கள் இவர்கள். நம் பட்டியலில் இவர்கள் இல்லவே இல்லை.

2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் ஞாபகம் இருக்கிறதா? மும்பைக்காரர்களுக்கு என்ன ஞாபகம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். டிசம்பர் 5-ஆம் தேதி மழை, ஸ்கூல் லீவு. அவ்வளவுதான். அந்தப் புயல் வரும்போது இந்த ஊர்க்காரர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். கரையில் அறிவிப்பு வந்தபோது அவர்களுக்குச் சொல்ல வழி இல்லை. பல படகுகள் லட்சத்தீவில் ஒதுங்கின. பல படகுகள் நம் மகாராஷ்டிராவின் சிந்துதுர்க் கரையில் ஒதுங்கின. பலர் எங்கேயும் ஒதுங்கவில்லை. எங்கள் வீட்டில் குழந்தை லீவு என்று குதித்த அன்று, இதே மாநிலத்துக் கரையில் நம் ஊர்க்காரர்கள் உயிர் தப்பி வந்து, வீட்டுக்கு எப்படித் தகவல் சொல்வது என்று நின்றுகொண்டிருந்தார்கள். அந்தப் படகில் இருந்தவர் ஒருவருக்குச் சித்தப்பா மகன் திரும்பவில்லை. இதை அவர் வலைக் கண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். மகள் மூக்கிலிருந்து கையை எடுத்திருந்தாள்.

அதற்குப் பிறகு சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. கரையிலிருந்து படகுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவிகளைப் பொருத்தும் திட்டத்தை, ஒரு லட்சம் படகுகள் என்ற கணக்கில், 2024 ஆகஸ்டில் நம் பக்கத்து பால்கரில்தான் தொடங்கிவைத்தார்கள். நல்லது. ஆனால் ஒன்று கவனியுங்கள். நம் கப்பலில் இரண்டாவது நாள் 'வைஃபை சரியில்லை' என்று ரிசப்ஷனில் பெரிய சண்டை நடந்தது. அதே கடலில், அதே இரவில், நாற்பது நாள் வீட்டோடு பேசாமல் பதினைந்து பேர் ஒரு படகில் இருந்திருப்பார்கள். நம் ஜன்னலில் தூரத்தில் ஒரு விளக்காகத் தெரிந்திருப்பார்கள். "வாவ்" என்று போட்டோ எடுத்திருப்போம்.

தோப்பும்படியிலிருந்து தெற்கே கரையோர ரோட்டைப் பிடித்தோம். கண்ணமாலி வழியாகச் செல்லானம். ஒரு பக்கம் அரபிக்கடல், ஒரு பக்கம் காயல், நடுவில் ஒட்டடைக் கம்பு மாதிரி ஒரு நிலம். அதில் வீடு, சர்ச், பள்ளிக்கூடம், ரேஷன் கடை எல்லாம்.

செல்லானத்தில் கடலைப் பார்க்க வேண்டுமென்றால் படி ஏற வேண்டும். நாலு கால் வைத்த பிரம்மாண்டமான கான்கிரீட் கட்டிகளை (டெட்ராபாட் என்கிறார்கள்) ஒன்றோடொன்று கோத்து ஏழு கிலோமீட்டருக்கு மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். 344 கோடி ரூபாய்த் திட்டம். காரணம், வருடா வருடம் மழைக்காலத்தில் கடல் வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. 2021 மே மாதம் டவ்தே புயலில் ஊரே கடல் தண்ணீரில் நின்றது. ஜனங்கள் பல வருடம் போராடித்தான் இந்தச் சுவர் வந்தது. சுவர் வந்த இடத்தில் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறார்கள். மேலே நடைபாதை போட்டிருப்பதால் சாயந்திரம் கூட்டம்கூட வருகிறதாம். ஆனால் சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே, நாங்கள் வந்த வழியில் கண்ணமாலிப் பக்கம், அதற்குப் பிறகும் கடல் ஏறியிருக்கிறது. சுவரை நீட்டு என்று அவர்களும் ரோட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்கி வைத்திருந்ததைக் காரிலிருந்தே பார்க்கலாம். பத்தடி நகர்ந்தால் தப்பித்தவன், பத்தடி இந்தப்பக்கம் இருந்தால் மாட்டிக்கொண்டவன்.

ஏன் இங்கே இவ்வளவு அரிப்பு என்று டிரைவரிடம் கேட்டேன். அவர் கையை வடக்கே நீட்டினார். "கப்பல் சாலு, சாரே." அதாவது, கப்பல் போகும் கால்வாய். அலை கரையோரமாக மணலை நகர்த்திக்கொண்டே இருக்கும். இங்கே அரித்தால் இன்னோர் இடத்திலிருந்து வந்து நிரம்பும். நடுவில் ஆழமாகத் தோண்டிவிட்டால் வருகிற மணல் குழியில் விழுந்துவிடும், அடுத்த கரைக்குப் போய்ச் சேராது. குழியைத் தூர்வாரி மணலை வெளியே ஆழக்கடலில் கொட்டினால் அது போனது போனதுதான். அந்த மணலைக் கரைக்குக் கொண்டுவந்து கொட்டுங்கள் என்பது இந்த ஊர்க்காரர்களின் பழைய கோரிக்கை. அரிப்புக்குக் கால்வாய் மட்டும் காரணம் இல்லை. ஆறுகளில் மணல் குறைந்தது, கடல் மட்டம், கரையில் கட்டிய கட்டுமானங்கள் என்று பல உண்டு. ஆனால் கால்வாய்க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் ஞாபகம் வைக்கச் சொன்னேனே, அது இதற்குத்தான். நாம் வந்து இறங்கும் தீவு அந்தக் குழியிலிருந்து வந்த மண். நம் கப்பல் மிதப்பது அந்தக் குழியில். டூர் பஸ்ஸில் போனால் நாம் வேடிக்கை பார்க்க வந்த ஆள். காரில் ஒரு மணி நேரம் தெற்கே வந்தால் தெரிகிறது, நாமும் இந்தக் கணக்கில் ஒரு வரவு செலவு என்று.

"அப்ப கப்பல்லயே போகக்கூடாதுங்கறீங்களா?" என்று ஆபீஸ் நண்பர் ஒருவர் மடக்கினார். அப்படிச் சொல்லவில்லை. துறைமுகம் வேண்டும், கப்பல் வேண்டும், அதனால் பலருக்கு வேலையும் இருக்கிறது. ஆனால் லாபம் ஒரு பக்கமும் மணல் மூட்டை ஒரு பக்கமும் போகக்கூடாது. 2024 செப்டம்பரில் 'க்ரூஸ் பாரத்' என்று மத்திய அரசு ஒரு திட்டம் தொடங்கியிருக்கிறது. 2029-க்குள் கப்பல் பயணிகள் எண்ணிக்கையை இரண்டு மடங்காக்கப் போகிறார்களாம். ஆக்கட்டும். கப்பல் டிக்கெட்டில் போர்ட் சார்ஜ் என்று ஒரு வரி வருகிறதே, அதில் ஆளுக்கு ஐம்பதோ நூறோ அந்தத் துறைமுகத்தை ஒட்டிய கரையைக் காப்பாற்ற என்று தனியாக எடுத்து வைக்கட்டும். எவ்வளவு வந்தது, எங்கே செலவானது என்று முனையத்திலேயே போர்டு வைக்கட்டும். கப்பலில் ஒரு காபிக்குக் கொடுப்பதை விடக் குறைவு. ஒருவரும் இதற்காகப் பயணத்தை ரத்து பண்ண மாட்டார்கள்.

மதியச் சாப்பாடு செல்லானத்திலேயே. டிரைவர் காட்டிய ஒரு வீட்டு மெஸ். அம்மாவும் மகளுமாகச் சமைக்கிறார்கள், ஆறு மேஜை. சோறு, குடம்புளி போட்ட மீன் கறி, அயிலை வறுவல், கொஞ்சம் கப்பை, பயறுத் தோரன், மோர். நாங்கள் நாலு பேர், டிரைவர் ஒருவர், மொத்தம் ஆயிரத்துச் சொச்சம். கப்பலில் பஃபேயில் இருபத்தைந்து ஐட்டம் இருக்கும். என்ன சாப்பிட்டோம் என்று இப்போது ஒன்றும் ஞாபகம் இல்லை. இந்த மீன் கறியை அம்மா ஊருக்குப் போய் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு கேள்வி வரும். தங்கமணியே கேட்டாள். "கஷ்டப்படுறவங்களை கார்ல வந்து வேடிக்கை பாக்கறது மட்டும் சரியா?" நியாயமான கேள்வி. என் கருத்து இதுதான். நாற்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கி, கேமராவை நீட்டிவிட்டு ஏறிப் போனால் அது வேடிக்கை. நாலு பேர் வந்து, வேலையை மறிக்காமல் ஓரமாக நின்று, கேட்டுவிட்டுப் போட்டோ எடுத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டு, காசு கொடுத்துவிட்டு வந்தால் அது விருந்தாளி. வித்தியாசம் நம் நடத்தையில் இருக்கிறது. கஷ்டத்தைப் பார்க்காமல் இருப்பதால் அவர்கள் கஷ்டம் குறையப்போவதில்லை. கப்பல் நிற்கும் நாளில் அந்த ஊருக்கு வரும் காசு, டூர் கம்பெனி, மசாலாக் கடை என்று இரண்டு மூன்று கைகளோடு நின்றுவிடுகிறது. அதை ஒரு டிரைவர், ஒரு மெஸ், ஒரு டீக்கடை என்று பிரித்துக் கொண்டுபோக நம்மிடம் இருக்கும் ஒரே கருவி இந்த வாடகைக் கார்.

இரண்டு மணிக்குத் திரும்பி ஃபோர்ட் கொச்சி வந்து, அந்தச் சீன வலையையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு (விடுவோமா?), காரோடு ரோ-ரோ படகில் ஏறி வைப்பின் தீவுக்குப் போனோம். அஞ்சு நிமிஷம்தான். 2004-ல் கோஸ்ரீ பாலங்கள் வருவதற்கு முன் வைப்பின்காரர்களுக்கு எர்ணாகுளம் போக நேர்வழி படகு மட்டும்தான். ராத்திரி நெஞ்சு வலி வந்தால் படகுக்குக் காத்திருக்க வேண்டும் என்று டிரைவர் சொல்லிக்கொண்டே வந்தார். எதிரே கப்பல் கட்டும் தளம் கொண்ட பெரிய நகரம் வெளிச்சமாகத் தெரியும், போக வழி இருக்காது.

அங்கே காளமுக்கு என்ற மீன் இறங்குதுறை. பெரிய வள்ளங்களில் சாளையும் அயிலையும் பிடித்து வருகிறவர்கள். நம் தென்மாவட்டத்தில் சாளை, அவர்களுக்கு மத்தி. கேரளத்துக் கடலில் இந்த ஏழை வீட்டு மீன் 2012-ல் கிட்டத்தட்ட 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் வெறும் 3,297 டன். கடல் சூடாவது, மழை மாறுவது, குஞ்சு மீனையும் சேர்த்து அரித்தெடுப்பது என்று பல காரணம் சொல்கிறார்கள். அப்புறம் மறுபடி கூடி, லட்சம் டன்னைத் தாண்டியது. ஆனால் நடுவில் அந்த வருடங்களில் வள்ளக்காரர்கள் வாங்கிய கடன் மீனோடு சேர்ந்து மறைந்துவிடுமா? சம்பளம் நூற்றிருபதில் ஒரு பங்காகக் குறைந்தால் நம் ஈஎம்ஐ என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

2025 மே மாதம் இன்னொன்று நடந்தது. எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வரும் வழியில் 640 கன்டெய்னர்களோடு மூழ்கியது. பிளாஸ்டிக் குருணைகள் கரையெல்லாம் ஒதுங்கின. மூழ்கிய இடத்தைச் சுற்றி மீன்பிடிக்கக் கூடாது என்றார்கள். அதைவிட மோசம், ஜனங்கள் பயந்துபோய் மீன் வாங்குவதை நிறுத்தியது. அதன்பின் ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை 52 நாள் ட்ராலிங் தடை வேறு. கப்பல் மூழ்கினால் இன்சூரன்ஸ் உண்டு, வக்கீல் உண்டு. மீன் விற்காமல் கூடையோடு திரும்பிய பெண்ணுக்கு என்ன உண்டு?

இத்தனைக்கும் 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கேரளத்தைக் காப்பாற்ற யாரும் கூப்பிடுவதற்கு முன்பே லாரியில் படகை ஏற்றிக்கொண்டு உள்நாட்டுக்குப் போனவர்கள் இந்தக் கரைக்காரர்கள்தான். எங்கள் டிரைவரின் அண்ணன் மகனும் பரவூர்ப் பக்கம் போயிருக்கிறான். "அன்னைக்கு எல்லாரும் கை தட்டினாங்க" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை.

கோஸ்ரீ பாலங்கள் வழியாக எர்ணாகுளம் வந்து, நாலு மணிக்குக் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம்.

இப்போது பஸ் டூர் கட்சிக்காரர்களின் பெரிய வாதத்துக்கு வருகிறேன். "கப்பல்காரன் டூர்ல போனா லேட்டானாலும் கப்பல் நிக்கும், நீயா கார் எடுத்துப் போய் லேட்டானா கப்பல் போயிடும்." உண்மை. நூறு சதவீதம் உண்மை. அதனால்தான் தூரமாக ஆலப்புழை, மூணாறு என்று ஓடாதீர்கள் என்கிறேன். நான் சொன்ன எல்லா இடமும் கப்பலிலிருந்து அதிகபட்சம் ஒரு மணி நேரத் தூரம். எல்லாரும் ஏறவேண்டிய கடைசி நேரத்துக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்பே திரும்புவது என்று டிரைவரிடம் காலையிலேயே சொல்லிவிடுங்கள். கொச்சி டிராஃபிக் அவருக்குத் தெரியும். வயதானவர்கள் கூட இருந்தால் பஸ்ஸை விடக் காரே சௌகரியம். பாத்ரூம் வேண்டுமென்றால் நிறுத்தலாம், கால் வலித்தால் உட்காரலாம்.

குழந்தைகளுக்குப் போரடிக்காதா என்றும் கேட்கிறார்கள். என் மகள் தோப்பும்படியில் முதல் பத்து நிமிஷம் முகத்தைச் சுளித்தாள், வாஸ்தவம். நம் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் ஜுஹு, மெரைன் டிரைவ், இப்போது கப்பல் பால்கனி. கடல் ஒரு வேலை செய்யும் இடம் என்று எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லிக்கொடுப்பதில்லை. தமிழ் பேசுகிறவர்கள் ஆபீசில் மட்டும் இல்லை, படகிலும் இருக்கிறார்கள் என்பதும் மும்பையில் வளரும் குழந்தைக்குத் தானாகத் தெரியாது. பொங்கல் விழாவில் மேடையேற்றிப் பாட்டுப் பாடவைத்தால் மட்டும் தமிழ் வந்துவிடாது மக்களே. தமிழ் பேசிப் பிழைக்கிற நாலு பேரோடு கால் மணி நேரம் பேச வையுங்கள். அவள் இப்போது வானிலைச் செய்தியில் 'மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்' என்று வந்தால் டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள். எனக்கு அது போதும்.

எனவே கப்பல் புக் பண்ணியிருப்பவர்கள், அந்த டூர் பட்டியலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, முதலில் ஒரு காருக்குப் போன் பண்ணுங்கள். மற்றதெல்லாம் அந்த ஊர் பார்த்துக்கொள்ளும்.

டிஸ்கி: ஹார்பருக்கு நல்ல செருப்புப் போட்டுப் போகாதீர்கள், வழுக்கும், நாறும். காலை ஒன்பதுக்குள் போனால்தான் ஏலம் பார்க்கலாம். மீன், கருவாடு எதையும் கப்பலில் ஏற்ற விடமாட்டார்கள், ஆசைப்பட்டு வாங்காதீர்கள். வயிற்றில் எவ்வளவு ஏற்றினாலும் கேட்கமாட்டார்கள் :-)